ஏர் பூட்டுவோனும் ஏரைப் பூட்டுவோனும்

சித்திரை பிறந்ததும் தென்மாவட்டத்துச் சிற்றூர்களிலே பொன்னேர் பூட்டுவார்கள். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பிலே சந்தனம் தடவி, கலப்பைக்கு மாலை சூட்டி, ஊரார் அனைவரும் ஒரே நேரத்திலே ஏரோட்டி அந்த ஆண்டின் உழவைத் தொடங்குவார்கள். பூட்டுதல் என்ற சொல்லைக் கேட்டாலே அன்று முகம் மலரும்.

அதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கதவைச் சாத்தி, தாழிட்டு, சாவியை மடியிலே செருகிக்கொண்டு போகிறானே, அவன் செய்வதும் பூட்டுதல்தான்.

ஏர் பூட்டுகிறவன் ஒருவன். அந்த ஏரைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவன் இன்னொருவன். இப்படியும் ஒரு நிலை வருமா என்று கேட்பீர்கள். வந்தே விட்டது, தோழர்களே! உலகுக்கெல்லாம் உழவு இயந்திரம் செய்து காட்டிய அமெரிக்க நாட்டிலேயே வந்துவிட்டது. கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று ஏட்டை மடித்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பட்டறைத் தொழிலாளிக்கும், இரண்டு ஏக்கருக்குக் குறைவான நிலத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும் நம் ஊர் உழவனுக்கும் அதிலே சேதி இருக்கிறது.

2019ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தில், லேக் சிட்டி என்ற சிற்றூரிலே ஒரு பண்ணை ஏலத்துக்கு வந்தது. ஏலப் பொருள்களிலே ஒன்று, 1980இல் செய்த ஜான் டீர் 4440 என்ற டிராக்டர். வயது 39! அந்தக் கிழட்டு டிராக்டர் என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 43,500 டாலருக்கு! அது ஏதோ ஒருநாள் கூத்தும் அன்று. 1970களின் கடைசியிலும் 1980களிலும் செய்த டிராக்டர்களுக்கு, அதிகம் ஓடாமல் நல்ல நிலையிலே இருந்தால், அந்நாட்டு ஏலக்களங்களிலே கையுயர்த்துவோர் கூட்டம் திரண்டது. கையுயர்த்தியவர்களிலே இளவயதினரும் இருந்தார்கள். அருங்காட்சியகத்திலே நிறுத்தி அழகு பார்ப்பதற்காக வாங்கவில்லை. வயலிலே இறக்கி வேலை வாங்க வாங்கினார்கள்.

புதிய டிராக்டர் வாங்கப் பணமில்லாமலா? அதுவும் ஒரு காரணந்தான். பெரிய டிராக்டர் புதிதாக வாங்கினால் பல இலட்சம் டாலர் ஆகிறது. ஆனால் பணம் இருந்தவரும் பழையதைத் தேடினார். ஏன் ஐயா என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன விடை எளியது. பழையது கெட்டால் நானே சரிசெய்துகொள்வேன். புதியது கெட்டால் என்னால் முடியாது, என்னைச் செய்யவும் விடமாட்டார்கள் என்பதுதான் அது.

செய்ய விடமாட்டார்கள்! காசு கொடுத்து வாங்கியவன் பேசுகிற பேச்சா இது? குடியிருக்கும் வீட்டிலே ஆணியடிக்க வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும் என்று சொல்லும் வாடகைக்காரன் பேச்சல்லவா?

பழைய டிராக்டர் எப்படிக் கெடும் என்பது பட்டறையிலே வேலை பார்க்கும் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டீசல் குழாயிலே காற்றுப் புகுந்துவிடும், பம்பு தேயும், கிளட்ச் வழுக்கும், சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். கெட்ட இடத்தைக் கண் காட்டும். கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லும். காதுக்கும் எட்டாததை மூக்கு மோப்பம் பிடித்துவிடும். மேஸ்திரி எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார், "மூணாவது சிலிண்டர்டா தம்பி" என்பார், கழற்றிப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். பள்ளிக்கூடத்திலே படித்த வித்தையா அது? கையிலே கரி ஏறி ஏறிப் படிந்த வித்தை.

புதிய டிராக்டரிலே இரும்பு மட்டுமில்லை. உள்ளே கணிப்பொறிகள் இருக்கின்றன. வெப்பம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, புகையிலே நச்சு எவ்வளவு என்று ஒற்றறிந்து சொல்லும் உணரிகள் ஏராளம். அவற்றிலே ஒன்று பழுதானாலும், அல்லது பழுதானதாகக் கணிப்பொறி கருதினாலும், எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொண்டு நொண்டும். சில வேளை நின்றேவிடும். திரையிலே ஒரு குறியெண் மின்னும். எந்த உணரி, ஏன் என்று முழுவதும் அறியக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். புதிய உறுப்பைப் பொருத்தினாலும், "இவன் நம்மவன்" என்று கணிப்பொறிக்கு அறிமுகம் செய்துவைக்கவும் அதே மென்பொருள் வேண்டும். அது டீலருடைய ஆளின் மடிக்கணினியிலே இருக்கும். அந்த ஆள் எங்கே? எத்தனையோ மைலுக்கு அப்பால், இன்னொருவன் வயலிலே! வயலில் முற்றிய கோதுமை நிற்கிறது. வானத்திலே மேகம் திரள்கிறது. உழவன் கையிலே ஸ்பேனரை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த ஸ்பேனருக்கு வேலையில்லாமற் போனது ஒரே நாளிலே நேர்ந்ததன்று. அதற்கு முன்னே ஊரே காலியான கதை இருக்கிறது.

அமெரிக்கா என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே முதலாளியின் நிலம் என்றுதான் நம்மவர் எண்ணுகிறார்கள். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1935ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே 68 இலட்சம் பண்ணைகள். சராசரி அளவு 155 ஏக்கர். நம் கணக்கிலே அது ஜமீன். அவர்கள் கணக்கிலே ஒரு குடும்பம் தானே உழுது பிழைக்கும் அளவு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே மிஞ்சியவை 19 இலட்சம். சராசரி 463 ஏக்கர். நிலத்தின் மொத்தப் பரப்பு சற்றே குறைந்தது. பண்ணைகளோ ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு அற்றுப்போயின. மிஞ்சிய 19 இலட்சத்திலும் எல்லாரும் சமமா? ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் விற்கும் பண்ணைகள் நூற்றுக்கு 6தான். மொத்த விற்பனையிலே நாலில் மூன்று பங்குக்கு மேல் அந்த ஆறின் கையிலே! மற்ற 94 பேரும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும்.

1971 முதல் 1976 வரை அங்கே விவசாயத்துறைக்கு ஏர்ல் பட்ஸ் என்பவர் அமைச்சர். வேலிக்கு வேலி விதையுங்கள், பெரிதாகுங்கள், இல்லையேல் விலகுங்கள் என்பதே அவர் காலத்து உபதேசம். உலகச் சந்தையிலே தானிய விலை உச்சத்திலே இருந்த நேரம். உழவர்கள் கடன் வாங்கினார்கள், நிலம் வாங்கினார்கள், பெரிய பெரிய டிராக்டராக வாங்கினார்கள். பிறகு விலை சரிந்தது. வட்டி ஏறிற்று. 1980 டிசம்பரிலே வங்கிகளின் முதன்மை வட்டியே நூற்றுக்கு 21 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கந்துவட்டிக்காரனுக்கும் கோட்டுப் போட்ட வங்கிக்காரருக்கும் அதற்குமேல் என்ன வேறுபாடு? பெரிதாகுங்கள் என்று சொன்ன அமைச்சர் பதவியை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. கடன் மட்டும் உழவனோடு இருந்தது.

அந்த உழவர்கள் வாய்மூடி மடிந்துவிடவில்லை. 1979ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான உழவர்கள் தலைநகரை நோக்கிப் புறப்பட்டார்கள். எதிலே? தங்கள் டிராக்டரிலே! பல நூறு மைல், குளிர்காலம், ஆமை வேகம். விளைபொருளுக்குக் கட்டுபடியான விலை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பிப்ரவரி 5ஆம் நாள் வாஷிங்டன் நகரை அடைந்தார்கள், போக்குவரத்து நின்றது. நகரத்துச் சீமான்கள் முகம் சுளித்தார்கள். காவல்துறை குப்பை லாரிகளையும் பேருந்துகளையும் கொண்டு வளைத்து, டிராக்டர்களை நகரத்து நடுத்திடலிலே அடைத்துவைத்தது.

அடைத்துவைத்த இரண்டு வாரத்திலே கொட்டியது பனி. 18, 19ஆம் நாள்களிலே தலைநகரம் முழங்காலளவு பனியிலே புதைந்தது. கார்கள் நகரவில்லை, பேருந்துகள் நகரவில்லை. மருத்துவமனைக்கு மருத்துவர் போக வழியில்லை, செவிலியர் போக வழியில்லை. நகர்ந்தது எது தெரியுமா? திடலிலே அடைபட்டுக் கிடந்த டிராக்டர்கள்! யாரைத் தொல்லை என்றார்களோ அந்த உழவர்களே தெருவிலே பனியை வாரித் தள்ளினார்கள். சிக்கிய கார்களை இழுத்துவிட்டார்கள். மருத்துவர்களையும் செவிலியரையும் ஏற்றிக்கொண்டுபோய் மருத்துவமனை வாசலிலே இறக்கினார்கள். முகம் சுளித்த நகரத்தார் உணவும் காப்பியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். விலை மட்டும் கிடைக்கவில்லை. காப்பி கொடுப்பது எளிது. கட்டுபடியாகும் விலை கொடுப்பது கடினமாயிற்றே!

ஒன்றைக் கவனியுங்கள். நாற்பது ஆண்டு கழித்து ஏலத்திலே 43,500 டாலருக்குப் போன 4440 மாடல், 1978க்கும் 1982க்கும் இடையிலே செய்தது. தலைநகருக்கு ஊர்வலம் போன காலத்து வண்டி. உடைமையாளர்களிலே எத்தனையோ பேர் கடனிலே மூழ்கினார்கள். நிலம் ஏலம் போயிற்று, வீடு ஏலம் போயிற்று. அந்த இரும்பு மட்டும் கை மாறி, கை மாறி உழுதுகொண்டே இருந்தது.

உழவன் விழுந்தபோது அவனுக்கு வண்டி விற்றவர்களும் விழுந்தார்கள். இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்பது மாபெரும் கம்பெனி. ஃபார்மால் டிராக்டரை 1920களிலே செய்து, வரிசைப் பயிருக்கிடையிலே குதிரையின் வேலையைப் பிடுங்கிக்கொண்ட கம்பெனி. 1985இல் அதன் விவசாயப் பிரிவு கேஸ் கம்பெனியோடு கலந்துவிட்டது. அதே ஆண்டு ஆலிஸ் சால்மர்ஸ் டிராக்டர் தொழில் செருமானியர் கைக்குப் போயிற்று. ஃபோர்டு டிராக்டர் இத்தாலிய ஃபியட் கையிலே சேர்ந்தது. 1994இல் மாசி ஃபெர்கூசனை ஆக்கோ என்ற கம்பெனி விழுங்கிற்று. பத்துக் கடை இருந்த தெருவிலே நாலு கடை மிஞ்சினால் கடைக்காரன் பேசும் குரலே மாறிவிடாதா?

மாறிற்று. எப்படி மாறிற்று என்பதற்கு அவர்களே எழுதிக்கொடுத்த சாட்சியம் இருக்கிறது.

1998இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. திரைப்படத்தையும் பாட்டையும் திருட்டுத்தனமாகப் படியெடுக்கக் கூடாது என்பதற்காக, கணிப்பொறிப் பூட்டை உடைப்பதே குற்றம் என்றது. பாட்டுக்குப் போட்ட சட்டம் எப்படியோ பாட்டாளியின் டிராக்டருக்கும் வந்து சேர்ந்தது. டிராக்டருக்குள்ளே இருப்பதும் கணிப்பொறிதானே, அதிலும் பூட்டு இருக்கிறதே! பழுது பார்ப்பதற்காகவாவது பூட்டைத் திறக்க விதிவிலக்கு வேண்டும் என்று பதிப்புரிமை அலுவலகத்திலே சிலர் மனுச் செய்தார்கள். அதை எதிர்த்து ஜான் டீர் கம்பெனி 2015இல் தன் வாதத்தை எழுத்திலே கொடுத்தது. வண்டி வாங்கியவனுக்கு உள்ளேயிருக்கும் மென்பொருள் சொந்தமாகாதாம். வண்டியின் ஆயுள் வரைக்கும் அதை ஓட்டிக்கொள்ள உட்கிடையான ஓர் உரிமம்தான் அவனுக்கு உண்டாம்!

படித்தீர்களா? பணம் அவனுடையது, கடன் அவனுடையது, வட்டி அவனுடையது, வண்டியை நகர்த்தும் மூளை மட்டும் கம்பெனியுடையது. நம் நாட்டிலே ஜமீன்தார்கள் இருந்தார்கள். பட்டா அவர் பெயரிலே, பாடு குடியானவன் பெயரிலே. கணிப்பொறி யுகத்து ஜமீன் இப்படி வந்திருக்கிறது!

2015 அக்டோபரிலே அந்த விதிவிலக்குக் கிடைத்தது. பூட்டை உடைத்தால் குற்றமில்லை என்றார்கள். உடைக்கும் கருவியை யாரும் கொடுக்கவில்லை. என்ன செய்வான் உழவன்? கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கள்ள வழியிலே வரும் மென்பொருளை வாங்கித் தன் டிராக்டரைத் தானே திறக்கிறான் என்று 2017இல் ஏடுகள் எழுதின. உழுது சோறு போடுகிறவன், தன் வண்டியின் முன்னாலேயே கன்னக்கோல் பிடிக்கும் நிலை!

2022இலே நடந்ததொன்றைச் சொல்லவேண்டும். உக்ரைன் நாட்டு மெலிட்டபோல் நகரிலே, படையெடுத்து வந்த ரஷ்யச் சிப்பாய்கள் ஒரு டீலரின் கிடங்கிலிருந்து டிராக்டர்களையும் அறுவடை இயந்திரங்களையும் கொள்ளையடித்தார்கள். ஏறத்தாழ 50 இலட்சம் டாலர் பெறுமானம். அவற்றிலே சிலவற்றைச் செச்சினியா வரைக்கும் கொண்டுபோனார்கள். அங்கே போய் இயக்கிப் பார்த்தால் ஓடவில்லை! தொலைவிலிருந்தபடியே பூட்டிவிட்டார்கள். உலகம் கைதட்டிற்று. திருடன் ஏமாந்தான் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது? நாமும் மகிழ்ந்தோம். மகிழ்ந்து முடித்ததும் ஒரு கேள்வி எழுந்தது. பல நூறு மைலுக்கு அப்பாலிருந்து திருடனுடைய வண்டியை நிறுத்த முடிகிறது என்றால், ஒரு தவணை தவறிய உழவனுடைய வண்டியை நிறுத்த எத்தனை நொடி ஆகும்? நிறுத்துவார்கள் என்று நாம் சொல்லவில்லை. நிறுத்த முடியும் என்பதை அவர்களே செய்து காட்டிவிட்டார்கள்.

2023 சனவரியிலே அமெரிக்க விவசாயிகளின் பெரிய சம்மேளனம் ஒன்றோடு ஜான் டீர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. கருவிகளும் குறிப்பேடுகளும் தருகிறோம் என்று கம்பெனி சொல்லிற்று. பதிலுக்கு, இது குறித்து மாநிலங்களிலே சட்டம் கேட்கமாட்டோம் என்று சம்மேளனம் சொல்லவேண்டுமாம். தருவதாகச் சொல்கிறவர் சட்டத்தைக் கண்டு ஏன் அஞ்சவேண்டும்? கொலராடோ மாநிலம் அந்த வாக்குறுதியை நம்பிக் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலிலே உழவுக் கருவிகளுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை முதன்முதலாக நிறைவேற்றிற்று. 2024 சனவரி முதல் நடைமுறை. கருவி, உதிரி உறுப்பு, மென்பொருள், குறிப்பேடு ஆகியவற்றை உழவனுக்கும் தனிப்பட்ட மெக்கானிக்குக்கும் கொடுத்தே ஆகவேண்டும் என்றது. 2025 சனவரியிலே நாட்டின் வாணிப ஆணையமே, இல்லினாய், மின்னசோட்டா மாநிலங்களைச் சேர்த்துக்கொண்டு, பழுதுபார்ப்பைத் தன் டீலர்களின் ஏகபோகமாக்கிவிட்டது என்று ஜான் டீர் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனி மறுத்தது. பெரும்பாலான பழுதுகளை உழவரே பார்த்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் திறந்துவிட்டால் புகைக்கட்டுப்பாட்டை மாற்றிவிடுவார்கள், ஆபத்து வரும் என்பது அவர்கள் பக்கத்து வாதம்.

அந்த வாதத்திலே துளியும் உண்மையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். பழையதெல்லாம் பொன் என்று பாடுவது நம் வேலையல்ல. அது வேறு சிலருடைய தொழில். பழைய டிராக்டரின் கரிப்புகை ஓட்டுகிறவன் நுரையீரலைத்தான் முதலில் அரிக்கும். பழைய டிராக்டர் மேட்டிலே ஏறும்போது கவிழ்ந்தால் ஓட்டியவன் அடியிலே நசுங்குவான். அமெரிக்கப் பண்ணைகளிலே உயிர்ப்பலி வாங்குவதிலே டிராக்டர் கவிழ்வதற்கே முதலிடம். கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டகத்தை ஸ்வீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்கக் கம்பெனிகள் 1985க்குப் பிறகே எல்லாவற்றிலும் பொருத்தி விற்றன. விண்கோள் வழிகாட்ட நேர்கோட்டிலே ஓடும் புதிய டிராக்டர் விதையை மிச்சப்படுத்துகிறது, டீசலை மிச்சப்படுத்துகிறது. நல்லது! வரவேற்கிறோம்! விஞ்ஞானத்தை எதிர்த்தா நாம் எழுதுகிறோம்? விஞ்ஞானத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை விற்பதை எதிர்த்து எழுதுகிறோம். புகையை அளக்கும் உணரி இருக்கட்டும். அது கெட்டால் மாற்றும் வித்தையை ஏன் மறைக்கவேண்டும்? ஆபத்து என்கிறார்கள். டீலருடைய ஆளுக்கு வராத ஆபத்து ஊர் மெக்கானிக்குக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

சிறு பண்ணைக்காகவே சிந்தித்து இயந்திரம் செய்த ஒருவன் இருந்தான். அவன் கதை நம் சென்னையிலே வந்து முடிகிறது. ஆதலால் சற்று விரித்தே சொல்கிறோம்.

ஹாரி ஃபெர்கூசன், அயர்லாந்து நாட்டு உழவன் வீட்டுப் பிள்ளை, 1884இல் பிறந்தவன். அந்த நாளிலே டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைச் சங்கிலிபோல் மாட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லிலே இடித்துக்கொண்டால் டிராக்டர் முன்காலைத் தூக்கிய குதிரைபோல் எழுந்து ஓட்டுகிறவன் மேலேயே விழும். அதற்கு அஞ்சி டிராக்டரைப் பளுவாகச் செய்தார்கள். பளு கூடினால் விலை கூடும். விலை கூடினால் சிறு உழவனுக்கு எட்டாது. ஃபெர்கூசன் என்ன செய்தான்? கலப்பையை மூன்று புள்ளிகளிலே டிராக்டரோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தாலே தூக்கவும் தாழ்த்தவும் வழி செய்தான். மண் கலப்பையை இழுக்கும் இழுப்பே பின்சக்கரத்தை அழுத்தும் பளுவாக மாறிற்று. இலேசான வண்டி பளுவான வண்டியின் வேலையைச் செய்தது!

1938இல் ஹென்றி ஃபோர்டும் அவனும் எழுத்தொன்றும் இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். 1939இல் வந்தது 9என் டிராக்டர். விலை 585 டாலர். கிழவர் ஃபோர்டு போனதும் பேரன் காலத்திலே கைகுலுக்கல் காற்றிலே போயிற்று. ஃபெர்கூசன் வழக்குப் போட்டான். 1952இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து ஃபோர்டு கம்பெனி தீர்த்துக்கொண்டது. இதற்கிடையே அவன் இங்கிலாந்திலே கோவென்ட்ரி நகரில் தன் பெயரிலேயே சாம்பல் நிறத்துச் சிறு டிராக்டர் ஒன்றைச் செய்வித்தான். டிஇ20 என்று பெயர். 1946 முதல் 1956 வரை 5 இலட்சத்துக்கும் மேல்! எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி 1958 சனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது குதிரையிலும் அன்று, நாய் வண்டியிலும் அன்று. இந்த ஃபெர்கூசன் டிராக்டர்களிலே சங்கிலிப் பட்டை மாட்டிக்கொண்டுதான். அந்த டிராக்டரோடு ஒரு ஸ்பேனர் கொடுப்பார்கள். கலப்பையை மாட்டவும் திருத்தவும் வேண்டிய வேலையில் பெரும்பாலும் அந்த ஒன்றே போதும். உழவின் அளவை அளந்துகொள்ள அதன் மேலேயே அங்குலக் கோடு வெட்டியிருக்கும். செய்தவன் மனத்திலே யார் இருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஃபெர்கூசனும் காப்புரிமை வாங்கினான். அதுவும் ஒரு பூட்டுத்தான். ஆனால் காப்புரிமையிலே வரைபடத்தை ஊரறிய வெளியிட்டாகவேண்டும். குறித்த ஆண்டுகள் கடந்தால் பூட்டு தானே கழன்றுவிடும். கழன்றது. அவன் கண்டுபிடித்த மூன்று புள்ளிப் பிணைப்பு இன்று எல்லாக் கம்பெனி டிராக்டரிலும் இருக்கிறது.

அவன் கம்பெனி 1953இல் மாசி ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தது. பின்பு மாசி ஃபெர்கூசன் ஆயிற்று. அந்த மாசி ஃபெர்கூசனின் தொழில் நுணுக்கத்தோடுதான் 1960இல் சென்னையிலே டாஃபே தொடங்கிற்று. நம் ஊர்ச் சாலைகளிலே டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறதே சிவப்பு 1035, அது அந்த அயர்லாந்து உழவன் மகனுடைய கொள்ளுப்பேரன். நம் பட்டறைகளிலே அதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பூட்டும் என்றோம், இது நல்ல பூட்டு!

நம் நிலைமை என்ன? 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலே 79 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிலக் கைப்பற்றுகள். சராசரி அளவு முக்கால் ஹெக்டேர். ஏக்கர் கணக்கிலே இரண்டுகூட இல்லை. இந்த உழவன் டிராக்டர் வாங்குவதில்லை. மணிக்கணக்கிலே வாடகைக்கு அழைக்கிறான். "டிராக்டரே இல்லாதவனுக்கு டிராக்டர் ரிப்பேரைப் பற்றி என்ன கவலை?" என்று சில அறிவாளிகள் கேட்கக்கூடும்.

தஞ்சைப் பக்கம் தாளடி அறுவடை நேரத்திலே அவர்கள் ஒருமுறை போய் நிற்கட்டும். ஊர் முழுவதும் ஒரே வாரத்திலே விளைந்து நிற்கும். அறுக்க ஆள் கிடைக்காது. அறுவடை இயந்திரம் ஒன்றோ இரண்டோ முறை வைத்துச் சுற்றும். அதிலே ஒன்று படுத்துவிட்டால், அதன் உடைமையாளருக்கு இரண்டு நாள் வாடகை நட்டம். முறை வராமல் காத்திருக்கும் இரண்டு ஏக்கர்க்காரனுக்கோ, ஒரு மழை பெய்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அவனுக்கு ஆண்டே நட்டம். இயந்திரம் உடையவனைவிட இல்லாதவனுக்குத்தான் பழுது பெரிது. பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரன் ஓடிவந்து ஒரு மணி நேரத்திலே எழுப்பிவிட்டால் பிழைத்தான். நகரத்திலிருந்து கம்பெனி ஆள் மடிக்கணினியோடு வரவேண்டும் என்றால் போனான்.

அந்தக் கணிப்பொறி இங்கேயும் வாசலுக்கு வந்துவிட்டது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 சனவரி முதல் டிரெம் 4 என்ற புகைக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதோடு மின்னணுவால் இயங்கும் டீசல் பீய்ச்சியும் வந்தது. நம்மவர் வாங்குவதிலே பெரும்பாலானவை அதற்குக் குறைந்த திறனுடையவை என்பதால் புயல் இன்னும் கரை ஏறவில்லை. புயல் கூண்டு ஏற்றவேண்டிய நேரம் இது. 2022 சூலையிலே நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட துறைகளிலே உழவுக் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரிலே ஓர் இணையதளமும் திறந்தார்கள். இணையதளம் வேறு, சட்டம் வேறு. விரும்புகிற கம்பெனி விரும்புகிற விவரத்தைப் போடலாம் என்பது இணையதளம்; போட்டே ஆகவேண்டும் என்பது சட்டம்.

நாம் கேட்பது இதுதான். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் விற்கும் கம்பெனி, தன் டீலருக்குக் கொடுக்கும் குறியெண் படிக்கும் கருவியையும், மென்பொருளையும், குறிப்பேட்டையும், கேட்கும் எந்தப் பட்டறைக்கும் நியாய விலையிலே கொடுக்கவேண்டும். குறிப்பேடு தமிழிலே வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் வேளாண் பொறியியல் துறையும் தங்கள் வாடகை நிலையங்களுக்கு இயந்திரம் வாங்கும்போது, இந்த ஏற்பாடு இல்லாத கம்பெனியின் ஒப்பந்தப் புள்ளியைத் திருப்பி அனுப்பவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிலே டிராக்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கருவியைக் கையிலே கொடுத்துப் பழக்கவேண்டும்; படத்திலே காட்டி அனுப்பக்கூடாது.

அதுவரை, தோழர்களே, உங்கள் ஊரிலே யாராவது புதிய டிராக்டர் வாங்கப் போகிறார் என்றால் கூடவே போங்கள். டீலர் காப்பி கொடுப்பார், குடியுங்கள். வண்டியின் பளபளப்பைக் காட்டுவார், பாருங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். திரையிலே குறியெண் வந்தால் எங்கள் ஊர் மெக்கானிக் அதைப் படித்து அழிக்க முடியுமா? உறுப்பு மாற்றினால் உங்கள் ஆள் வராமலே வண்டி ஓடுமா? தவணை தவறினால் வண்டியைத் தொலைவிலிருந்து நிறுத்தும் வசதி இதிலே இருக்கிறதா? மூன்றுக்கும் விடையை வாயால் வாங்காதீர்கள். கடையின் முத்திரையோடு எழுத்திலே வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முன்பணத்தை எண்ணி வையுங்கள்.